62 பொருள்களும் ஒரு காகிதமும்

என் மகன் புனேயில் வேலை பார்க்கிறான். மருமகளுக்கு இது ஏழாம் மாதம், தலைப் பிரசவம். சென்ற வாரம் கைப்பேசியில் ஒரு பட்டியலை அனுப்பி, "அப்பா, ஏதாவது விட்டுப்போயிருக்கா பாருங்க" என்று கேட்டிருந்தான். எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 62 பொருள்கள். தள்ளுவண்டி, பால் புட்டியை ஆவியில் சுத்தம் செய்யும் கருவி, குளிக்கிற தண்ணீரின் சூட்டை அளக்கும் மிதவை என்று நான் கண்ணால் பார்த்திராத சாமான்கள் பல. ரயில்வேயில் 38 வருடம் ஸ்டோர்ஸுக்கு இண்டெண்ட் எழுதிய எனக்கே மலைப்பாக இருந்தது.

"எல்லாம் இருக்கிறது. மருமகளுடைய ரத்த வகை என்ன?" என்று பதில் எழுதினேன். அதற்கு அவனிடமிருந்து உடனே பதில் வரவில்லை.

அவனைக் குறை சொல்ல நான் யார்? 1986-ல் நானும் அப்படித்தான் இருந்தேன்.

அப்போது நான் நாக்பூரில் பி.டபிள்யூ.ஐ., அதாவது தண்டவாளப் பராமரிப்பு இன்ஸ்பெக்டர். அஜ்னி காலனியில் இரண்டு அறை கொண்ட குவார்ட்டர்ஸ். தலைப் பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது நம் வழக்கமாயிற்றே! வளைகாப்பு முடித்து விழுப்புரத்துக்கு அனுப்ப ஜி.டி. எக்ஸ்பிரஸில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. ஆனால் என் மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்த்த டாக்டரம்மா, "ரயில் பயணம் கூடவே கூடாது" என்று சொல்லிவிட்டார். மாமனார் படுத்த படுக்கையாக இருந்ததால் மாமியார் வர முடியவில்லை. மாயவரத்திலிருந்து என் தாயார் புறப்பட்டு வந்தார்.

நான் சும்மா இருப்பேனா? மழைக்காலத்துக்கு முன் பாறாங்கல், மணல் எல்லாம் வேகனில் ஏற்றித் தயாராக நிறுத்தி வைப்பது எங்கள் இலாகா வழக்கம். அதே பாணியில் ஒரு பட்டியல் போட்டேன். தொட்டில், சட்டை, குல்லாய், கொசுவலை, பவுடர், கிலுகிலுப்பை. அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார். "பிறக்கிறதுக்கு முன்னாடி குழந்தைக்குன்னு ஒரு நூல்கூட வாங்கக் கூடாது."

"இந்தக் காலத்தில் போய் இதெல்லாம் என்னம்மா?" என்றேன்.

"ஒரு தடவை தைச்சு வச்சுப் பார்த்தாச்சுடா" என்றார் அம்மா.

எனக்கு முன் ஒரு குழந்தை பிறந்து தங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்காகச் சட்டை தைத்து வைத்திருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. பிறகு நான் வாதம் செய்யவில்லை. குழந்தைக்கு எதுவும் வாங்குவதில்லை, தாய்க்கும் வீட்டுக்கும் வாங்கலாம் என்று ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம்.

இத்வாரி கடைத்தெரு

பிரசவ லேகியத்துக்கு வேண்டிய சரக்கை அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு இத்வாரி கடைத்தெருவுக்குப் போனேன். சுக்கு அங்கே 'சுண்ட்', ஓமம் 'ஓவா', வசம்பு 'வேகண்ட்'. கண்டத்திப்பிலிக்குத்தான் திண்டாட்டம். கடைக்காரர் முன்னால் பாதி அபிநயம் பிடித்த பிறகு 'பிம்பள்மூள்' என்று எடுத்துக் கொடுத்தார். சதகுப்பைக்கு அந்த ஊரில் 'பாளந்த ஷோபா' என்று பெயர். பிள்ளை பெற்றவளுக்கான சோம்பு என்று பொருளாம். என் பட்டியலைப் பார்த்த கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "முதல் குழந்தையா?" என்று கேட்டார். பெயர்தான் வேறு, கைமருந்து இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

அம்மா என் பழைய வேட்டிகளையெல்லாம் கொதிநீரில் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்து, 40 துண்டுகளாகக் கிழித்து மடித்தார். "புதுசு உறுத்தும், பழசுதான் மெத்துன்னு இருக்கும்" என்றார். அடுத்த வீட்டுக் கார்டின் மனைவியைக் காலனியே 'காகூ' என்று அழைக்கும். மராத்தியில் சித்தி முறை. அவர் பழைய புடவைகளை அடுக்கித் தைத்த 'கோதடி' மெத்தை ஒன்றும், அளீவ் விதையும் தேங்காயும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த லட்டுகளும் கொண்டுவந்தார்.

என் பங்குக்குக் கூரை இரும்பில் தூளிக்காகக் கொக்கி ஒன்று மாட்டினேன். 50 கிலோ சிமெண்டு மூட்டையை ஓர் இரவு முழுக்க அதில் தொங்கவிட்டுச் சோதித்தேன். காலையில் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பிறக்கப்போறது குழந்தையா, ஆனைக்குட்டியா?" என்று கேட்டார்.

காகூ கேட்ட கேள்வி

இத்தனையையும் பெருமையாகக் காகூவிடம் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ரத்தத்துக்கு என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டார். அவருடைய தங்கை பிரசவத்தில் போய்விட்டாராம். ஆண்கள் ரத்தம் தேடி ஊரெல்லாம் அலைந்து திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்ததாம்.

வீட்டுக்குள் போய்ப் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். மனைவிக்கு பி நெகட்டிவ். மாதக்கணக்காக என் மேஜையிலேயே கிடந்த சீட்டுதான்!

நம் நாட்டில் நெகட்டிவ் வகை நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். அவளுக்கு பி நெகட்டிவ் அல்லது ஓ நெகட்டிவ் ரத்தம்தான் ஏற்றலாம். எனக்கோ பி பாசிட்டிவ். குழந்தையும் பாசிட்டிவாகப் பிறந்தால், தாய்க்கு 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி என்னும் ஊசி போட வேண்டும். போடாவிட்டால், அடுத்த குழந்தையின் ரத்த அணுக்களை அழிக்கும் எதிர்ப்பொருள்கள் தாயின் உடம்பில் உருவாகிவிடலாம். டாக்டரம்மா முன்பே சொன்னதுதான். நான் தொட்டில் கொக்கி யோசனையில் இருந்திருக்கிறேன்!

அந்தச் சித்திரை முதல் தேதி தமிழ்ச் சங்க விழாவில் வெட்கத்தை விட்டு மேடையேறிக் கேட்டேன். கல்லூரியில் படிக்கும் தஞ்சாவூர்ப் பையன் ஒருவன் கை தூக்கினான், பி நெகட்டிவ். யார்டில் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் ஓ நெகட்டிவ் என்று பிறகு விசாரித்து அறிந்தேன். ஊசி மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்து எந்த நேரமும் எடுத்துத் தர ஒரு மருந்துக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். காலனிக்குப் பின்னால் குடியிருந்த ஆட்டோக்காரருக்கு முன்பணம் கொடுத்து வைத்தேன். பெயர், விலாசம், ரயில்வே கண்ட்ரோல் தொலைபேசி எண், எந்த டப்பாவில் பணம் இருக்கிறது என்பது உட்பட எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினேன். அம்மாவுக்குத் தமிழில் ஒன்று, காகூவுக்கு ஹிந்தியில் ஒன்று. கதவின் உட்புறம் ஒட்டினேன்.

ஜூலை மாதம். வலி கண்ட இரவு நான் வீட்டில் இல்லை. மழையில் தண்டவாள ரோந்தைச் சரிபார்க்க வார்தா பாதையில் சிந்தி ஸ்டேஷனில் இருந்தேன். கண்ட்ரோலிலிருந்து செய்தி வந்தது. கிடைத்த கூட்ஸ் வண்டியின் பிரேக் வேனில் ஏறி, நனைந்த உடையோடு விடியற்காலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பெண் குழந்தை, 2 கிலோ 700 கிராம். ஆனால் பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்கவில்லையாம். காகூ தாளைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவருடைய மகன் சைக்கிளில் போய் இருவரையும் எழுப்பியிருக்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது தஞ்சாவூர்ப் பையன் ரத்தம் கொடுத்துவிட்டு பெஞ்சில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். "அரை மணி தாமதித்திருந்தால்..." என்று டாக்டரம்மா தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்ததும் தெர்மாஸ் பிளாஸ்கில் ஐஸ் போட்டு ஊசி மருந்தைக் கொண்டுவந்தேன். மாதச் சம்பளத்தில் கணிசமான தொகை. இன்று பட்டியல் அனுப்பும் என் மகன் 1991-ல் குறையில்லாமல் பிறந்தான் என்றால் அந்த ஊசிக்கும் அதில் பங்குண்டு.

மூன்றாம் நாள் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாயை என் கையில் வைத்தார். "இப்போ போய் வாங்கிட்டு வா" என்றார். சீதாபுல்டி கடையில் இரண்டு ஜப்லாவும் ஒரு கொசுவலையும் வாங்கினேன். கடைக்காரர் மிச்சச் சில்லறை தந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது

இன்று நிலைமை எவ்வளவோ மேல். பணத்துக்கு ரத்தம் விற்பது 1998 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆன்டி-டி ஊசியை இப்போது 28-ஆம் வாரத்திலும் போடுகிறார்கள். 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 1997 முதல் 15 நாள் விடுப்பும் உண்டு. என் காலத்தில் அது கிடையாது.

பிரசவத்தை எதிர்நோக்கும் வீடுகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். தாயின் ரத்த வகையும் ஹீமோகுளோபின் அளவும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். அளவு 11 கிராமுக்குக் கீழே போனால் அது ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையைத் தவறவிடாதீர்கள். லேகியத்தையும் டாக்டரிடம் கேட்டே கொடுங்கள். பிறந்த ஒரு மணிக்குள் தாய்ப்பால். ஆறு மாதம் வரை அது ஒன்றே போதும். சர்க்கரைத் தண்ணீர், தேன் வேண்டாம். தேன் ஒரு வயது வரை ஆகாது. நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்திலும் வேலை நடக்கும்படி ஒரு தாள் எழுதி, பக்கத்து வீட்டாருக்கும் புரிகிற மொழியில் ஒட்டி வையுங்கள்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர் பட்டியலில் ரத்த வகைக்கும் ஒரு கட்டம் சேர்க்கலாமே? உற்றார் உறவினரை விட்டு வெகுதூரம் வந்திருக்கும் நமக்கு அவசரத்தில் சங்கம்தானே சொந்தம்!

நேற்று மகனிடமிருந்து பதில் வந்தது. "ஓ பாசிட்டிவ் அப்பா. தெரிஞ்சவங்க மூணு பேர் பெயரோட ஃபிரிட்ஜ் மேல ஒட்டிட்டேன். தூளிக் கொக்கி மாட்ட எப்ப வர்றீங்க?"

அடுத்த வாரம் புறப்படுகிறேன். சிமெண்டு மூட்டை அங்கே கிடைக்குமாம்.