நத்தாருக்கு மறுநாள்



மார்கழி பிறந்ததும் நம் இல்லங்களில் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. சுவருக்கு வர்ணம் பூச வேண்டும். பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்க வேண்டும். பயற்றம் பணியாரத்துக்குப் பயறு வறுக்க வேண்டும். கேக்குக்குப் பழங்களை ஊறவைக்க வேண்டும். ஒளிவிழாவுக்கும் கரோல் பவனிக்கும் சிறுவர்களை ஆயத்தப்படுத்த வேண்டும். நள்ளிரவில் ஆலய மணிகள் முழங்க, திருவருகைக் காலம் முழுவதும் ஞாயிறு திருப்பலிகளில் நாம் பாடாது வைத்திருந்த வானவர் கீதம் மீண்டும் எழும்போது உள்ளம் நிறைகின்றது. ஆனால் 25ஆம் திகதி மாலையாகும்போதே ஒருவிதக் களைப்பு வந்துவிடுகின்றது. “நத்தார் முடிந்துவிட்டது” என்று சொல்லிக்கொண்டு படுக்கைக்குச் செல்கின்றோம்.

இவ்வாரம், அந்த நத்தாருக்கு மறுநாளைப் பற்றிச் சற்றுச் சிந்திக்க உங்களை அழைக்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், திருவருகைக் காலத்தில், வன்னிக் கரையோரப் பங்கொன்றில் ஒரு தாயைச் சந்தித்தேன். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் அவர் தம் ஒரே மகனைப் பறிகொடுத்தவர். அப்போது அவனுக்கு வயது ஏழு. முதல் நாள் நத்தார்த் திருப்பலிக்கு அணிந்து சென்ற புதுச் சட்டையைப் புதுவருடத்துக்கும் போட வேண்டுமென்று மடித்து வைத்திருந்தானாம். அலை வீட்டையும் கொண்டு போயிற்று, சட்டையையும் கொண்டு போயிற்று, அவனையும் கொண்டு போயிற்று.

ஒவ்வோர் ஆண்டும் மார்கழியில் அவர் கடைக்குச் சென்று ஏழு வயதுப் பிள்ளைக்குரிய சட்டை ஒன்றை வாங்கி, பங்கில் உள்ள ஒரு வறிய பிள்ளைக்குக் கொடுக்கின்றார். “இருந்திருந்தால் இப்ப அவனுக்குக் கலியாண வயசு. ஆனால் எனக்கு அவன் இன்னும் ஏழு வயசுப் பிள்ளைதான்” என்றார். பின்னர் சற்றுத் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்: “நத்தாரண்டு அழக்கூடாதெண்டு சனம் சொல்லுது. பாலன் குடிலுக்கு முன்னால இருந்து அழுதால் அது பிழையோ? நீங்கள் எழுதுறனீங்கள்தானே, சொல்லுங்கோ.”

அன்று அவருக்கு என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. “பிழை இல்லை, அம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியதை, பின்னர் திருச்சபையின் திருவழிபாட்டு நாட்காட்டியைப் புரட்டியபோதுதான் கண்டுகொண்டேன்.

அன்பானவர்களே, கிறிஸ்து பிறப்பு விழாவைத் திருச்சபை ஒரே நாளில் முடித்துவிடுவதில்லை. எட்டு நாட்கள் எண்கிழமையாக அதனைக் கொண்டாடி, ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை அந்த மகிழ்ச்சியை நீடிக்கச் செய்கின்றது. அந்த எட்டு நாட்களுக்குள் எவற்றை வைத்திருக்கின்றது என்று பாருங்கள். 26ஆம் திகதி, கல்லெறியுண்டு உயிர் நீத்த முதல் மறைசாட்சியாகிய புனித ஸ்தேவான் விழா. நேற்று வெண்ணிற ஆடை அணிந்த குருவானவர் இன்று இரத்தத்தின் நிறமாகிய சிவப்பு ஆடையோடு பீடத்துக்கு வருகின்றார். 28ஆம் திகதி, ஏரோதின் வாளுக்கு இரையான பெத்லகேம் பச்சிளங் குழந்தைகளின் விழா. தன் பிள்ளைகளை இழந்து, எவர் தேற்றியும் தேறாது அழும் தாய் ராகேலை மத்தேயு நற்செய்தியாளர் நம் கண்முன் நிறுத்துவதும் அன்றைய நற்செய்தியில்தான்.

பாலனின் தொட்டிலுக்கு அருகிலேயே திருச்சபை ஓர் அழுகின்ற தாய்க்கு இடம் ஒதுக்கியிருக்கின்றது. அவளை மௌனமாயிரு என்று அதட்டவில்லை. விழா முடிந்த பின் வா என்று திருப்பி அனுப்பவுமில்லை. அந்த வன்னித் தாயின் கேள்விக்கு இதைவிட வேறு என்ன மறுமொழி வேண்டும்?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. எனவே அன்று திருக்குடும்ப விழா கொண்டாடப்பட்டது. வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் அவ்வாண்டுக்குரிய நற்செய்தி, யோசேப்பு இரவோடிரவாக எழுந்து குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குத் தப்பியோடிய நிகழ்ச்சியாகும். பிள்ளையைக் கையில் அள்ளிக்கொண்டு ஓடிய ஒரு குடும்பத்தின் கதை திருப்பலிகளில் வாசிக்கப்பட்ட அந்தக் காலைப் பொழுதிலேதான், நம் கிழக்குக் கரையிலும் வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் பெற்றோர் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடினர். பலரால் ஓடி முடியவில்லை. நம் நாட்டில் மாத்திரம் 30,000க்கும் மேற்பட்டோர் அன்று மாண்டனர்.

இங்கே நெஞ்சைக் குடையும் ஒரு வினா எழுவது இயல்பே. பாலன் இயேசு தப்பிவிட்டார். பெத்லகேமின் மற்றக் குழந்தைகள் தப்பவில்லையே? இறைவன் தம் மகனை மட்டும் காப்பாற்றினாரா? பிள்ளையை இழந்த பெற்றோர் இவ்வினாவை வாய்விட்டுக் கேட்காவிடினும் உள்ளத்தில் சுமந்துகொண்டிருக்கின்றனர். இதற்கு முழுமையான விடை நம்மிடம் இல்லை. ஆயினும் நற்செய்தி அத்தோடு நின்றுவிடவில்லை. அன்று எகிப்துக்குத் தப்பிச் சென்ற அதே குழந்தை, வளர்ந்த பின் எருசலேமுக்குத் தாமே நடந்து சென்றார். கெத்சமனித் தோட்டத்தில் ஓடித் தப்ப அவருக்கு வழி இருந்தது, அவர் ஓடவில்லை. பெத்லகேமின் பிள்ளைகள் கண்ட மரணத்தை அவரும் கண்டார். அங்குள்ள தாய்மார் கண்ட துயரத்தை மரியாவும் சிலுவையடியில் கண்டார். பிறந்த குழந்தையைத் துணிகளில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தியதைச் சொல்லும் அதே லூக்கா, அவருடைய உயிரற்ற உடலைத் துணியால் சுற்றிக் கல்லறையில் வைத்ததையும் சொல்கின்றார். கல்லறை மூன்றாம் நாள் வெறுமையாயிற்று என்பதுதான் நம் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு அழுவது பாவமாகாது, அது செபமே.

அப்படியாயின், இவ்விழாக் காலத்தை நம் குடும்பங்கள் எவ்வாறு கொண்டாடலாம்?

நம்மவரிடையே நல்லதொரு வழக்கம் உண்டு. துக்கம் நிகழ்ந்த வீட்டில் ஆண்டுத் திவசம் முடியும்வரை பெருநாளுக்குப் பலகாரம் சுடுவதில்லை. அயலவரும் உறவினரும் கொண்டுபோய்க் கொடுப்பர். நம் முன்னோர் இதனை மறையுரையாகச் சொல்லவில்லை. தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். இம்முறை அந்தத் தட்டை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், சற்று நேரம் உட்கார்ந்திருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள்; அப்பெயரைப் பிறர் வாயால் கேட்பதற்கே அவர்கள் ஏங்கியிருப்பர். காணாமற்போன பிள்ளைக்காகக் காத்திருக்கும் வீட்டுக்குத் திவசமும் இல்லை, முடிவும் இல்லை. அந்த வீட்டை ஓராண்டோடு மறந்துவிடாதீர்கள்.

பாலன் குடிலை 26ஆம் திகதியே கழற்றி வைக்காதீர்கள். திருமுழுக்கு விழா வரை அது உங்கள் வீட்டில் இருக்கட்டும். உங்கள் குடும்பத்தில் இறந்தோரின் பெயர்களையும், கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைக்கோலின் கீழ் வையுங்கள். 26ஆம் திகதி காலை 9.25 மணிக்கு நாடு இரண்டு நிமிடம் மௌனம் காக்கும்போது, குடும்பமாக அக்குடிலின் முன் ஒரு மெழுகுதிரியை ஏற்றி நில்லுங்கள். அதன் காரணத்தை அந்நாளைக் காணாத உங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

திருக்குடும்ப விழாவன்று, காணிப் பிரச்சினையாலோ கொடுக்கல் வாங்கலாலோ பேச்சு நின்றுபோன சகோதரன், சகோதரி எவரேனும் இருப்பின், நீங்கள் முந்திக்கொண்டு பேசுங்கள். 2004ஆம் ஆண்டு நத்தாரன்று “நாளைக்குப் பேசுவோம்” என்று விட்டுவைத்த எத்தனையோ பேருக்கு அந்த நாளை வாய்க்கவில்லை.

வானதூதர்கள் மகிழ்ச்சியின் செய்தியை முதலில் கொண்டு சென்றது இருளில் கண்விழித்திருந்தவர்களிடம்தான். இன்றும் நம் அயலில் பல வீடுகளில் இருளில் கண்விழித்திருப்போர் உள்ளனர். ஏழு வயதுச் சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் குடிலின் முன் அமர்ந்திருக்கின்றார். அவருக்கு அருகில் இடம் இருக்கின்றது. இந்த நத்தாருக்கு மறுநாள், நீங்களும் சென்று அங்கு அமர்வீர்களா?

நம்மோடு இருக்கும் இம்மானுவேலராகிய பாலன் இயேசு உங்கள் இல்லங்களையும், சிறப்பாக வெறுமையான ஓர் இருக்கையோடு விழாக் கொண்டாடும் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.