மல்லாவிக்கு வந்தவர்கள்

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் பல, 1996இல் கிளாலி கடந்து வன்னிக்கு வந்தன. அவ்வாண்டே கிளிநொச்சி மக்களும் இடம்பெயர, மல்லாவி சில மாதங்களிலேயே பட்டணமாயிற்று.

நிவாரண அட்டைக்குக் கிராம அலுவலரின் பதிவு வேண்டும்; அட்டை இருந்தால்தான் சங்கக்கடையில் அரிசி, மா, சீனி. இடம்பெயர்ந்த பாடசாலைகள் மாலையில் இயங்கின. பதிவினால் தீராதது தண்ணீர். செம்மண்ணில் கிணறு இறைத்து வெங்காயமும் புகையிலையும் செய்தவர்கள், குளத்துப் பாய்ச்சலையும் மலேரியாவையும் புதிதாய்ப் பழக வேண்டியிருந்தது. ஊரவர் கிணற்றில் வாளி விட்ட அன்றே முகங்கள் கோணின. (நாமும் அப்படித்தான் செய்திருப்போம்.) கொட்டில் போடமுன் பொதுக்கிணறு வெட்டியிருக்க வேண்டும், அரிசி மூடைகளை எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கு அது பிந்தியே புரிந்தது. வெட்டியபின் இரு பகுதியாரும் அதிலேயே அள்ளினார்கள்.