மூச்சுத் திணறுவோர்க்கு உணவு

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது பட்டாசுத் தொழிலே. அத்தொழிலில் நேரும் விபத்துகளையும் நாம் அறிவோம். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரையும், 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரையும் இழந்தோம்.

வெடி விபத்தில் சுடப்படுவது தோல் மட்டுமன்று. கந்தகம் எரிந்து உண்டாகும் கந்தக டை ஆக்ஸைடு, மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. புகையால் புண்பட்ட நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் நீர் கோத்துக்கொண்டால், பிராணவாயு இரத்தத்தில் சேர்வது தடைப்படும். அப்போது செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படுகிறது.

வாயில் குழாய் இருக்கும் நோயாளி எப்படி உண்பார்? “குளுக்கோஸ் ஏறுகிறதே, போதாதா?” என்று பலர் கேட்பதுண்டு. போதாது. ஐந்து சதவீதக் குளுக்கோஸ் நீர் ஒரு லிட்டரில் உள்ள சர்க்கரை 50 கிராமே. அதில் 200 கலோரிக்கு மேல் கிடைக்காது. புரதம் அறவே இல்லை. உணவு குறைந்தால் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும். மூச்சை இழுக்கும் உதரவிதானமும் தசைதானே! அது மெலிந்தால் கருவியை விட்டு விலகுவது கடினம்.

ஆகவே, இரத்த அழுத்தம் நிலைப்பட்டிருந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள், மூக்கு வழியே இரைப்பைக்குச் செல்லும் குழாயில் திரவ உணவு தொடங்குவர். குடலுக்கு வேலை கொடுத்தால் அதன் உட்சுவர் கெடாமல் இருக்கும்.

அப்படியானால் நிறையக் கொடுத்தால் நல்லதா? அதுவும் இல்லை. சர்க்கரை எரிந்தால் கரியமில வாயு வெளிப்படும். தேவைக்கு மிஞ்சி ஊட்டினால், அந்த வாயுவை வெளியேற்றும் சுமையும் நோயுற்ற நுரையீரல் மீதே விழும். அமெரிக்காவில் 1000 நோயாளிகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், முதல் ஆறு நாள் சிறிதளவே ஊட்டப்பட்டவர்களும் முழு அளவு ஊட்டப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பிழைத்தனர். சிறிதளவு பெற்றவர்களுக்கு வாந்தி போன்ற தொல்லைகள் குறைவு. எனவே மெல்லத் தொடங்கி, படிப்படியாகக் கூட்டுவதே முறை. புரதம் மட்டும், எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை தேவை என்பர். தீக்காயமும் சேர்ந்தவர்க்குக் கலோரியும் புரதமும் மற்ற நோயாளிகளைவிடக் கூடுதலாகவே வேண்டும். அளவை மருத்துவரே கணிப்பார்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். மருத்துவர் சொல்வதை வீட்டாருக்கு விளக்க வேண்டியவர்கள் நாமே. இளநீரோ கஞ்சியோ, அன்பினால் வாயில் ஊற்றும் ஒரு கரண்டி, வழிதவறி நுரையீரலுக்குள் போய்விடலாம். தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைத்திருப்பதும் அதைத் தடுக்கத்தான். அதை நாமாகத் தாழ்த்தக் கூடாது. “எப்போது உணவு தொடங்குவீர்கள்? எவ்வளவு?” என்று மருத்துவரைத் தயங்காமல் கேட்போம். நாம் கற்ற கல்வி, முதலில் நம் வீட்டுக்குப் பயன்படட்டும்!