கடலுக்குப் போகும் நீரைக் கணக்கெடுத்தவர்

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூரை அடுத்துள்ள தோப்பூரிலே, சிறுபோகத்துக்கு நீர் திறந்து விடும் நாளில் வாய்க்காற் கரையில் நின்று பார்த்தல் வேண்டும். சருகையும் நுரையையும் முன்னே தள்ளிக்கொண்டு கலங்கல் நீர் மெல்ல வரும். அதற்குப் பின்னே சிறுவர் கூட்டம் ஆரவாரத்துடன் வரும். வயற்காரர்கள் மண்வெட்டியைத் தோளிற் சார்த்தியபடி வரம்பிலே காத்து நிற்பார்கள். மலைநாட்டிலே பிறந்து இருநூறு மைலுக்கு மேல் ஓடிவரும் மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகலாற்று நீர் அது. அல்லைத் திட்டத்தின் வாய்க்கால்கள் அதனை வயலுக்குக் கொண்டு வருகின்றன.

வாய்க்காலையும் துருசையும் அமைத்தவர்கள் யாவர் என்று அந்நேரத்தில் எவரும் நினைப்பதில்லை. நீர் வராத நாளிலேதான் நினைப்போம். 2006ஆம் ஆண்டு யூலை மாதம் மாவிலாற்றுத் துருசு மூடப்பட்டபோது இப்பகுதி மக்கள் அதனை நன்கு உணர்ந்தார்கள். வயல்கள் காய்ந்தன, அதனை முன்னிட்டு மூண்ட சண்டையிலே, அடுத்த மாதமே மூதூரும் தோப்பூரும் வெறிச்சோடின. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாயை நோக்கி நடந்த குடும்பங்கள் எத்தனையோ! ஒரு மதகின் கதவு எத்தனை வீட்டு அடுப்போடு தொடர்புடையது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்வாறு மதகுக்கும் அடுப்புக்கும் இடையிலுள்ள உறவை வாழ்நாள் முழுவதும் சிந்தித்த ஒரு பெரியவரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். நல்லூரைச் சேர்ந்த சண்முகம் ஆறுமுகம் அவர்கள் 1905ஆம் ஆண்டு பிறந்தவர். 2000ஆம் ஆண்டு காலமானார். இலங்கை நீர்ப்பாசன இலாகாவிலே பொறியியலாளராக இருந்து உயர் பதவி வகித்தவர். ஓய்வு பெற்றபின் மற்றவர்கள் சாய்மனைக் கதிரையையும் பத்திரிகையையும் தேடும் வயதிலே, இவர் பேனாவைத் தேடினார்.

அக்காலத்து நீர்ப்பாசனப் பொறியியலாளரின் வாழ்வை இன்றைய மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. குளங்கள் இருந்தது வரண்ட வலயத்துக் காடுகளில். அங்கே குடியிருந்தது மனிதரைக் காட்டிலும் நுளம்புதான். 1934, 35ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியாச் சுரத்திலே இத்தீவில் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் மாண்டனர். டி.டி.ரி. மருந்து தெளிக்கத் தொடங்கிய 1940களின் பிற்பகுதி வரையில், வன்னிக்கோ திருகோணமலைக் காட்டுக்கோ மாற்றல் என்றாற் குடும்பத்தவர் கண்கலங்குவர். கணவன் குளக்கட்டிலே, பிள்ளைகள் யாழ்ப்பாணத்துப் பள்ளியிலே, மனைவி இரண்டுக்கும் நடுவே என்று பிரிந்து வாழ்ந்த இல்லங்கள் பல. அணைக்கட்டுத் திறப்பு விழாவிலே நடப்படும் கல்லில் மந்திரியின் பெயர் இருக்கும். அந்த மனைவிமாரின் பெயர் இராது.

ஆறுமுகம் அவர்களின் பெயரை நிலைநிறுத்தியது 1954ஆம் ஆண்டு அவர் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம். குடாநாட்டில் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலே மழைநீர் இறங்கித் தங்குகிறது. அந்த நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஆடைபோல் மிதக்கிறது. கிணற்றில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் ஆடை கிழியும். உப்பு மேலே வரும். துலா மிதித்து இறைத்த நாளிலே அந்த அபாயம் குறைவு. இயந்திரம் வந்தபின் கேட்க வேண்டுமா!

இனி அவருடைய யோசனையைக் கேளுங்கள். மாரி காலத்திலே கனகராயன் ஆறும் வேறு சில ஆறுகளும் வன்னியிலிருந்து நீரைக் கொண்டுவந்து ஆனையிறவுக் கடல்நீரேரியிற் கொட்டுகின்றன. அங்கிருந்து அது கடலுக்குப் போய் வீணாகிறது. ஏரி கடலோடு கலக்கும் இடங்களை, மேற்கே ஆனையிறவிலும் கிழக்கே சுண்டிக்குளத்திலும், அணையிட்டு அடைத்துவிட்டால் உவர் ஏரி ஆண்டுக்கு ஆண்டு கழுவப்பட்டு நன்னீர் ஏரியாகும். அதிலிருந்து முள்ளியானில் சுமார் இரண்டரை மைல் நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினால், நீர் வடமராட்சிக் கடல்நீரேரிக்குப் போகும். அப்பால் உப்பாற்று ஏரிக்கும் போகும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவுகள் இருந்து கடலைத் தடுக்கும். குடாநாட்டின் நடுவே நன்னீர் தேங்கி நின்று, நிலத்தடியில் இறங்கிக் கிணறுகளை வளம்படுத்தும். ஏரிகளையே ஆறாக்குவதுதான் இதன் சூட்சுமம்.

எண்ணம் முழுவதும் அவருடையதன்று. அவரும் அப்படிச் சொன்னதில்லை. ஒல்லாந்தர் காலந்தொட்டே இது பேசப்பட்டு வந்தது. சட்ட நிரூபண சபையிலே கே. பாலசிங்கம் அவர்கள் இதற்காக வாதாடினார். 1940களில் வெப் என்ற பொறியியலாளரும் ஒரு திட்டம் வரைந்தார். துண்டு துண்டாகக் கிடந்தவற்றை ஒரே நீரோட்டமாகக் கோத்தது ஆறுமுகம் அவர்களின் திறமை. வேலைகள் தொடங்கின. தொண்டைமானாற்றுத் தடுப்பு எழுந்தது. ஏனைய அணைகளிலும் வேலை நடந்தது. சுண்டிக்குளத்து அணையை வெள்ளம் உடைத்துக்கொண்டு போயிற்று. முள்ளியான் வாய்க்காலோ முடிவு காணவேயில்லை. இரண்டரை மைல்! தீவெங்கும் எத்தனையோ நூறு மைல் வாய்க்கால் வெட்டியவர்கள் இந்த இரண்டரை மைலை வெட்டி முடிக்காதது ஏன் என்று நினைக்க எரிச்சல் உண்டாகிறது. பணமில்லை என்றார்கள், பின்னர் போர் வந்தது. சுண்ணாம்புக் கல்லில் நீர் தங்குமா என்று ஐயுற்றவர்களும் உண்டு. ஏரியில் இறால் பிடித்து வாழ்பவர்களின் கவலையும் தள்ளிவிடத் தக்கதன்று. ஆயினும் முடித்துப் பாராத வேலையைப் பற்றி எந்தத் தீர்ப்பும் கூறுதல் இயலாதன்றோ?

தம் கனவு கண்முன்னே நின்றுபோனதைக் கண்ட மனிதர் மனங்கசந்து மூலையில் அமர்ந்திருக்கலாம். அவர் அமரவில்லை. 1969ஆம் ஆண்டு நீர்வளச் சபையின் வெளியீடாக, இலங்கையின் நீர்வளம் பற்றிய அவருடைய பெருநூல் வந்தது. இத்தீவின் 103 ஆற்று வடிநிலங்களையும் அவற்றின் குளங்களையும் அதிலே காணலாம். பண்டைய கற்றுருசுகளைப் பற்றியும் தனியே ஆராய்ந்து எழுதினார். குளத்துநீரின் அமுக்கத்தை அடக்கி, வேண்டிய அளவு மாத்திரம் வெளியே விடுவதற்குப் பழைய சிற்பிகள் கட்டின் உட்புறத்திலே கல்லால் ஒரு சதுரக் கிணறு அமைத்தனர். சிங்கள மக்கள் அதனைப் பிசோகொட்டுவ என்பர். இன்றைய வால்வுக் கோபுரத்துக்கு அது மூதாதை என்று முன்னரே கண்டு கூறியவர் ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர். அந்த வழியிலே நம்மவர் ஒருவர் நடந்தார் என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

பின்னர் அவர் நீரிலிருந்து கோயிலுக்குப் போனார். திருக்கேதீச்சரத்தைப் பற்றித் தனி நூல் எழுதினார். இத்தீவின் பழைய சைவத் தலங்களைப் பற்றியும் நூல்கள் செய்தார். இதிலே வியப்பில்லை. குளத்தைத் தேடிக் காட்டுக்குப் போகிறவன் அதன் கரையிலே பாழடைந்த கோயிலையும் காண்பான்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய கடைசிப் பெருவேலைதான். இலங்கைத் தமிழர்களின் வாழ்க்கை வரலாற்று அகராதி ஒன்றைத் தொகுத்தார். 1997இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது தொண்ணூற்றைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் பாட்டனாரோ பெரியப்பாவோ ஒருவர் இருப்பார். யார் யாருக்குப் பிள்ளை, யார் எங்கே படித்தார், எவ்வூரில் உத்தியோகம் பார்த்தார் என்பதெல்லாம் அவர் நாவிலே இருக்கும். அவர் மறைந்தால் பாதிக் குடும்பமும் மறைந்தாற் போலாகும். யுத்தத்தினால் ஊர்கள் சிதறி, வீட்டுப் பத்திரங்களும் படங்களும் எரிந்து, பிள்ளைகள் உலகத்தின் நாலா திசையும் போய்விட்ட காலத்திலே, ஆறுமுகம் அவர்கள் ஓர் இனத்துக்கே அந்தப் பெரியப்பாவாக இருந்து பெயர்களை எழுதி வைத்தார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்நூல், அயல்நாடுகளில் வளரும் பேரப்பிள்ளைகளும் படித்தறியக் கூடியது.

முள்ளியான் இருக்கும் அதே வடமராட்சி கிழக்கிலே, தாளையடி என்னும் கரையோரக் கிராமத்தில், கடல்நீரைக் குடிநீராக்கும் பெருநிலையம் ஒன்று 2024ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. மின்சாரத்தைச் செலவழித்துக் கடல்நீரிலிருந்து உப்பை அங்கே பிரித்தெடுக்கிறார்கள். நிலையத்தின் குழாய்நீரைப் பருகும் குழந்தைகளுக்கு அது வேண்டியதுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு மாரியிலும் கனகராயன் ஆறு பெருக்கெடுக்கும்போது, வன்னியின் மழைநீர் இன்றும் ஆனையிறவு ஏரியைக் கடந்து அதே கடலுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.