கூரை வாய்க்காலும் இறக்குக் குழாயும்: சரியான அளவு எது?

ஓட்டு வீட்டின் இறவாரத்திலிருந்து கொட்டும் மழைநீர் சுவரடி மண்ணை அரித்துவிடுகிறது. மண் சுவராக இருந்தால் ஊறிச் சரியவும் கூடும். திண்ணையில் அடுக்கிய நெல் மூட்டைகள் தெறிப்பு நீரால் நனைந்து கெடுகின்றன. இதைத் தடுக்கக் கூரை ஓரத்தில் வாய்க்கால் கட்டி, குழாய் வழியே நீரை இறக்குவது நல்ல வழி. ஆனால் கிடைத்த அளவில் வாங்கிக் கட்டினால், பெருமழையில் நீர் விளிம்பைத் தாண்டி மறுபடியும் சுவரடியிலேயே விழும். செய்த செலவு வீணாகும்.

கூரைப் பரப்பு

முதலில் கூரைப் பரப்பைக் கணக்கிட வேண்டும். சரிவின் மேல் அளக்க வேண்டியதில்லை. இறவாரம் உட்படக் கூரை மூடியிருக்கும் தரையை அளந்தால் போதும். 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள இரு சரிவு வீட்டில் ஒரு பக்கத்துக்கு 300 சதுர அடி, அதாவது சுமார் 28 சதுர மீட்டர் வரும்.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். மணிக்கு 100 மில்லி மீட்டர் வேகத்தில் கொட்டும் மழையைக் கணக்கில் கொள்வது பாதுகாப்பானது. அத்தகைய மழை சில நிமிடங்களே நீடித்தாலும் வாய்க்கால் அதைத் தாங்க வேண்டும். மேற்சொன்ன ஒரு பக்கத்தில் அப்போது நிமிடத்துக்குச் சுமார் 47 லிட்டர், அதாவது மூன்று குடம் நீர் ஓடி வரும்.

வாய்க்காலின் அளவு

ஒரு சதுர மீட்டர் கூரைக்கு வாய்க்காலின் உள் குறுக்குப் பரப்பு 1 சதுர சென்டி மீட்டராவது இருக்க வேண்டும். பி.வி.சி. குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் மலிவான வாய்க்கால் கிடைக்கும். 3 அங்குலக் குழாயின் பாதி சுமார் 22 சதுர மீட்டர் கூரைக்கும், 4 அங்குலக் குழாயின் பாதி சுமார் 40 சதுர மீட்டர் கூரைக்கும் ஏற்றது. எனவே மேற்சொன்ன வீட்டுக்கு 4 அங்குலப் பாதியே பொருந்தும். கணக்கில் வரும் அளவைவிட 10 முதல் 15 சதவீதம் கூடுதலாக வைப்பது நலம். நாகத் தகடு பூசிய தகரத்தை வளைத்தும் செய்துகொள்ளலாம்.

இறக்குக் குழாய்

பலர் தவறுவது இங்கேதான். வாய்க்கால் எவ்வளவு அகலமானாலும் மடை சிறிதானால் கரை வழியும். மணிக்கு 100 மில்லி மீட்டர் மழையில் 3 அங்குலக் குழாய் ஒன்று சுமார் 20 சதுர மீட்டர் கூரை நீரையே இறக்கும். 4 அங்குலக் குழாய் சுமார் 42 சதுர மீட்டர் வரை தாங்கும். 28 சதுர மீட்டர் கூரைக்கு ஒரு 4 அங்குலக் குழாய் வேண்டும். அல்லது முனைக்கு ஒன்றாக இரண்டு 3 அங்குலக் குழாய்கள் வேண்டும். வாய்க்காலில் வெட்டும் துளையும் குழாயின் முழு அளவில் இருக்க வேண்டும்.

கட்டும் முறை

குழாய் இருக்கும் பக்கம் நோக்கி 10 அடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வாட்டம் கொடுக்க வேண்டும். நீர் நிறைந்தால் வாய்க்கால் கனக்கும். எனவே இரண்டு, மூன்று அடிக்கு ஒரு இரும்புக் கொக்கி வைத்துத் தாங்க வேண்டும். ஓட்டின் நுனி வாய்க்காலுக்குள் சற்று நீண்டிருக்க வேண்டும். குழாய் வாயில் கம்பி வலை வைத்து, ஐப்பசி பிறக்குமுன் சருகுகளை அகற்ற வேண்டும்.

நீரைத் தொட்டியில் சேர்ப்பவர்கள் முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மேற்சொன்ன வீட்டின் இரு பக்கமும் வாய்க்கால் கட்டினால், 100 மில்லி மீட்டர் மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் சுமார் 4,500 லிட்டர் சேரும். சுவரும் காக்கப்படும், மாடு கன்றுகளுக்கும் தண்ணீர் கிடைக்கும்.