நல்ல ரைடரைக் கண்டுபிடிப்பது எப்படி?



புரோ கபடி லீக் 2014-ஆம் ஆண்டு தொடங்கியது. நம்ம தமிழ் தலைவாஸ் அணி 2017-இல் சேர்ந்தது. ஏலம் நடந்தால் இவர் இத்தனை லட்சம், அவர் இத்தனை கோடி என்று பேப்பரில் போடுகிறார்கள். விலை நமக்குத் தெரிஞ்சிடுது. ஆனால் எதைப் பார்த்து ஒரு ரைடரை எடுக்க வேண்டும்? அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒருவர் 60 பாயிண்ட் எடுத்தார் என்றால் உடனே கை தட்டுகிறோம். நம்ம ஊரில் பட்டுப் புடவை வாங்கும்போது விவரம் தெரிந்தவர்கள் முன்பக்கத்தை மட்டுமா பார்க்கிறாங்க? திருப்பிப் பின்பக்கமும் பார்ப்பாங்க. பாயிண்ட்டையும் அப்படித் திருப்பிப் பார்க்க வேண்டும். நான்கு கேள்விகள் போதும்.

1. எத்தனை ரைடில் எடுத்தார்? 100 ரைடில் 60 எடுத்தவரும், 200 ரைடில் 60 எடுத்தவரும் ஒன்றல்ல. மாட்டிக்கொண்ட ஒவ்வொரு ரைடும் எதிர் அணிக்குப் பாயிண்ட்.

2. எந்த வகைப் பாயிண்ட்? எதிரில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போதுதான் போனஸ் கிடைக்கும். போனஸ் எடுத்தால் வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் உள்ளே வர முடியாது. தொட்டு எடுத்தால் அவங்க ஆள் வெளியே போவார், நம்ம ஆள் உள்ளே வருவார்.

3. நெருக்கடியில் என்ன செய்தார்? தொடர்ந்து இரண்டு ரைடு வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது ரைடில் பாயிண்ட் எடுத்தே ஆகணும். இல்லையென்றால் அவுட். அந்த ரைடில்தான் ஒருவரின் தைரியம் தெரியும்.

4. எந்தத் தரையில் ஆடினார்? ஊரில் மண்ணில் வெறுங்காலோடு ஆடுகிறோம். பெரிய போட்டிகள் மேட்டில், ஷூ போட்டு நடக்கின்றன. மண்ணில் சறுக்கித் திரும்பிய கால், மேட்டில் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். அதைப் பழக நாள் ஆகும்.

இவ்வளவும் 30 நொடிக்குள் நடக்க வேண்டும். தறியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கை ஒரு வேலை, கால் ஒரு வேலை, கண் ஒரு வேலை. ரைடருக்கும் அப்படித்தான். கூடவே மூச்சு விடாமல் பாட வேண்டும்!

விலை மட்டும் போதாது என்பதற்கு ஓர் உதாரணம். 2022-இல் தமிழ் தலைவாஸ் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. அதுவரை புரோ கபடியில் யாருக்கும் கொடுக்காத தொகை அது. முதல் போட்டியிலேயே அவருக்கு முழங்காலில் அடி. அந்த சீசன் முழுக்க ஆட முடியவில்லை. அப்போது அணியைத் தூக்கி நிறுத்தியவர் நரேந்தர் என்ற புது இளைஞர். முதல் சீசனிலேயே 243 ரைடு பாயிண்ட் எடுத்தார். தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. பெயரே தெரியாத அவரை யாரோ ஒருவர் முன்னாடியே சரியாகக் கவனித்திருக்கிறார் அல்லவா?

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே ஃபுட்பாலைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். கல்லூரி வீரர்களை ஓடவிட்டு, கடிகாரம் பார்த்துத் தேர்வு செய்வார்கள். ஜெர்ரி ரைஸ் ஒரு கொத்தனாரின் மகன். செங்கல் பிடித்துப் பழகிய கை அவருக்கு. சின்னக் கல்லூரி, ஓட்டமும் பெரிய வேகம் இல்லை என்றார்கள். 1985-இல் 15 பேரை எடுத்த பிறகுதான் அவரை எடுத்தார்கள். அவர் 1,549 முறை பந்தைப் பிடித்து சாதனை படைத்தார். கடிகாரத்துக்கு வேகம் தெரியும், கை தெரியாது.

இதை நான் ஏன் எழுதுகிறேன் தெரியுமா? ஒரு தேர்வில் என் தோழியைக் "குள்ளமா இருக்கா" என்று சொல்லி, ஒரு ரைடுகூடப் போகவிடாமல் உட்கார வைத்துவிட்டார்கள். பெண்கள் ஆடும் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஆண்களின் களம் 13-க்கு 10. சின்னக் களத்தில் சட்டென்று திரும்பும் காலுக்குத்தான் மதிப்பு அதிகம். உயரத்தை நிற்க வைத்துப் பார்க்கலாம். காலை ஆடவிட்டுத்தானே பார்க்க முடியும்?

சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அவரையும் யாராவது ஒரே பார்வையில் ஒதுக்கியிருந்தால் அந்தத் தங்கம் என்னவாகி இருக்கும்?

அதனால் தேர்வு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வந்த ஒவ்வொருத்திக்கும் பத்து ரைடாவது கொடுங்கள். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, தொட்டது, போனஸ், மாட்டியது, வெறுங்கை என்று குறியுங்கள். நோட்டுப் போட்டு எழுத நாங்களே வருகிறோம். அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்வோம்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி