கொல்லிமலையில் சொந்த வீடு

கொல்லிமலையில் வீடு கட்ட முனையும் அங்கத்தினர் முதலில் கணக்கிட வேண்டியது ஏற்றுச் சுமையையே. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செங்கல்லையும் ஏற்றினால், வண்டி வாடகையே கைப்பொருளைக் கரைத்துவிடும்.

ஆகவே சுவருக்கு நம் மண்ணையே நாடுவோம். வேரும் மட்கும் நிறைந்த மேல்மண்ணை நீக்குக. அடிமண் மணற்பாங்காயின் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு சேர்த்து, அச்சு இயந்திரத்தில் அழுத்தி, நான்கு வாரம் ஈரம் காயாது காத்தால் உறுதியான கல் கிடைக்கும். சூளையும் விறகும் வேண்டா. ஆரோவில்லில் இம்முறையில் எழுந்த கட்டடங்கள் பல. மண்சுவருக்கு மழையே பகை. ஆதலின் கருங்கல் அடித்தளத்தை உயர்த்தி, இறவாரத்தை நீட்டிக் கட்டுதல் வேண்டும்.

2024-இல் தொடங்கப்பெற்ற கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் வகுத்தது. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. அரசுதவி பெறுவோர் சுவர்ப் பொருளுக்கு ஒன்றியப் பொறியாளரின் இசைவை முன்னரே பெறுக. இத்தகைய உதவி கட்டட வளர்ச்சிக்கேற்பத் தவணையாகவே வரும்; இடைக்காலத்தில் வட்டிக்காரரிடம் சிக்கினால் வீடு எழுமுன் கடன் எழும்.

எனவே, நான்கைந்து குடும்பத்தினர் கூடிச் சிமெண்டையும் கம்பியையும் ஒரே லாரியில் தருவிப்போம். மலையின் ஈரத்தில் சிமெண்டு கட்டிப்படும். வேலைக்குத் தேவையான அளவே வாங்குவோம். கூட்டுறவின் பயன் இதுவே.